விரலுக்கு யார் சொல்வது?

கணினி விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றியது சுகமே என்று எதிரணி நண்பர் முழங்கிவிட்டுப் போனார். சுமைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

நம்ம தீர்த்தமலையில் ராமர், குமாரர், கௌரி, அகஸ்தியர், அக்கினி என்று ஐந்து தீர்த்தம் இருக்கு. நாளைக்கு ஒருத்தர் வந்து பெயர்ப்பலகையை எல்லாம் இடம் மாற்றி வைத்தால்? புதுசா வர்றவர் பலகையைப் படிப்பார். நாற்பது வருசமா படி ஏறின பாட்டி பலகையையா பார்க்கும்? கால் போற பக்கம் போகும்! (சிரிப்பு)

1999 பிப்ரவரியில் சென்னையில் ‘தமிழ்நெட் 99’ மாநாடு நடந்தது. அதையொட்டி அரசு ஏற்றதுதான் ‘தமிழ் 99’ விசைப்பலகை. நல்ல பலகை, மறுக்கவில்லை. இடக்கைக்கு உயிர், வலக்கைக்கு மெய். அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு, ‘அம்மா’ வந்துவிடும். நடுப்புள்ளியை அதுவே வைக்கும். மெய்க்குப் பின் உயிர் என்ற தொல்காப்பியர் கணக்கு! தமிழாசிரியனுக்கு இனிக்காதா?

ஆனால் கணக்கு எங்கே இடிக்குது? உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மொத்தம் 31. ஆங்கில எழுத்து விசையோ 26. மீதி ஐந்துக்கு அரைப்புள்ளி, மேற்கோள் குறி, சதுர அடைப்புக்குறி இரண்டு, சாய்கோடு எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார்கள். சாய்கோடு இருந்த இடத்தில் ‘ழ’!

1998-ல் என் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்துகொடுத்த அக்கா ஒருவர். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா இத்தனை தமிழ் எழுத்தையும் சில விசைகளுக்குள் அடக்கிக் கொடுத்தாரே, அந்த மெஷின் அவருக்குக் கைவந்த கலை. தாளைப் பார்த்தபடியே அடிப்பார், விசையைப் பார்க்கவே மாட்டார்.

2003-ல் ஓர் அலுவலகத்தில் அவரைக் கணினி முன்னால் உட்கார வைத்தார்கள். தேதி அடித்தார். 12ழ5ழ2003! ‘என்னம்மா, தேதிக்குள்ள வாழைப்பழமா?’ என்று மேலதிகாரி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். (சிரிப்பு) நீங்களும் சிரிக்கிறீங்க. அந்த அக்கா அன்றைக்குச் சிரிக்கலை. ‘தம்பி, இருபது வருசமா என் விரலுக்குக் கண்ணு இருந்துச்சு. இப்ப அவிஞ்சுபோச்சு’ன்னாங்க. மூன்றாம் மாதம் வேலையை விட்டுவிட்டார்.

‘பழைய முறையையும் மென்பொருளில் வைத்திருக்கிறோமே’ என்பார் எதிரணி நண்பர். வைத்தார்கள். 2010-ல் அரசு யுனிகோடை ஏற்றது. ‘கொ’ எழுத மெஷினில் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். நாம் பேனாவில் எழுதுகிற வரிசை. யுனிகோடோ க-வை முதலில் வைக்கும். ஆகவே க வருகிற வரைக்கும் கொம்பை மென்பொருள் கையில் பிடித்துக்கொண்டு நிற்கணும். பிடிக்கத் தெரியாத மென்பொருளில் அது முந்தின எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், மாமியார் வீட்டுக்குப் போகவேண்டிய பெண் பக்கத்து வீட்டில் ஏறின மாதிரி! (கைதட்டல்)

அக்கா இப்போது வீட்டில் பழைய முறையிலேயே அடிக்கிறார், வேகமாக. ஆனால் தேதி வந்தால் மட்டும் சாய்கோடு போடமாட்டார், புள்ளிதான் வைப்பார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் நடுவர் அவர்களே. சுகமா, சுமையா என்று அவரையே ஒரு வார்த்தை கேளுங்கள்.