குறுக்கே வராத மாடு
(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் பல்கலைக்கழக மாணவ அங்கத்தவர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



“மோட்டார் யுகமும் இளைஞரும்” என்ற பொருளிற் பத்து நிமிடம் பேசும்படி காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். விஞ்ஞானம் படிக்கிறவன், இயந்திரங்களின் பெருமையை எடுத்துச் சொல்வான் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். ஆனால், இந்தத் தலைப்பைக் கேட்டவுடன் என் மனத்தில் எழுந்தது ஒரேயொரு தெருவும், அந்தத் தெருவில் நான் சொன்ன ஒரேயொரு பொய்யுந்தான். ஆகையால் இன்று நான் செய்வது சொற்பொழிவு அன்று. ஒரு கடனைத் தீர்ப்பது. பொறுமையோடு கேட்கும்படி வேண்டுகிறேன்.

நமது கடற்கரையை அறியாதவர் இச்சபையில் எவருமில்லை. கொழும்பிலிருந்து சிலாபம் வழியாகப் புத்தளம் செல்லும் பெருந்தெருவை விட்டு மேற்கே திரும்பினால், தென்னந்தோட்டம், இறாற் பண்ணை, ஒல்லாந்தர் காலத்து வாய்க்கால், அதற்கப்பால் மணல், அதற்கப்பால் கடல். ஊர்த்தெருக்களுக்கு இப்போது நல்ல தார் போட்டிருக்கிறார்கள். ஆனால், வைகாசி பிறந்து சோழகக் காற்று எழுந்துவிட்டால், கடற்கரை மணல் சும்மா இருப்பதில்லை. அது வேலியைத் தாண்டித் தெருவுக்கு வந்து, தாரின்மேல் மெல்லிய விரிப்புப் போலக் கிடக்கும். கால்நடையாகப் போகிறவனுக்கு அது ஒன்றும் செய்யாது. சைக்கிளிற் போகிறவன் முடக்குக்கு முடக்கு இறங்கித் தள்ளுவான். நமது பாட்டன்மாருக்கும் மீன் பெட்டி கட்டும் சைக்கிள்காரருக்கும் தெரிந்த இந்தச் சிறு விஷயம், பௌதிகம் படித்த எனக்குத் தெரியாமற் போயிற்று.

இரண்டு வருடத்துக்கு முன், ஆனி மாதத்தில், கொழும்பில் வியாபாரம் செய்யும் என் மச்சான் ஒருவர் ஊருக்கு வந்தார். அவர் கொண்டு வந்த கார் யப்பானிற் செய்தது, இரண்டே இருக்கை, மேற்கூரையை மடித்து வைக்கலாம், நிலத்தோடு நிலமாகப் பதிந்து ஓடும். எஞ்சின் முன்னால் இருக்க, பின் சில்லுகளே வண்டியைத் தள்ளும். இருபது வருடத்துக்கு மேற்பட்ட பழைய வண்டியாதலால், இன்றைய புதுக் கார்களிற் சறுக்கலைத் தடுப்பதற்கென்று வைக்கும் மின்னணு ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. பிள்ளைகள் எல்லோரும் அதைச் சுற்றி நின்று தொட்டுப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். மச்சான் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்த நேரத்தில், “ஒரு சுற்றுப் போய்ட்டு வாறன்” என்று திறப்பை வாங்கினேன். “பார்த்துப் போ” என்றார். அவ்வளவுதான்.

முதல் ஒரு மைலும் ஒழுங்காகவே ஓட்டினேன். பிறகு நேர்த்தெரு வந்தது. காற்று முகத்தில் அடித்தது. எஞ்சினின் ஓசை காதுக்கு இனிமையாக இருந்தது. எவரும் பார்க்கவில்லையே என்று வருத்தப்பட்டேன். ஊரிற் சிலராவது பார்க்கவேண்டும் என்று, வந்த வழியே திரும்பாமல், சந்திக் கடையைத் தாண்டிச் செல்லும் தெருவிற் காரை விட்டேன். சபையோரே, அந்த இடத்திலேயே நான் என் கட்டுப்பாட்டை இழந்துவிட்டேன். சில்லு சறுக்கியது அதற்குப் பிறகுதான்.

சந்திக்கு அப்பால் தெரு இடப்பக்கம் வளைகிறது. வேகமானி 80 காட்டியது. வளைவின் நடுவில் மணல் மினுங்குவதைக் கண்டேன். பயந்து அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்துப் பிறேக்கை ஓங்கி மிதித்தேன். அந்தக் கணமே வண்டியின் பின்புறம், யாரோ கையாற் பிடித்து இழுத்ததுபோல, வெளிப்பக்கம் போயிற்று. ஸ்ரியறிங்கை ஒரு பக்கம் திருப்பினேன். பிறகு மறுபக்கம் திருப்பினேன். ஒன்றுக்கும் அது கட்டுப்படவில்லை. தென்னை மரங்கள் என்னைச் சுற்றி ஓடின. ஒரு தரம் முழுதாகச் சுழன்று, கிடுகு வேலியைப் பிய்த்துக்கொண்டு, வண்டி ஒரு தென்னையில் இடித்து நின்றது. என் நெற்றியில் ஒரு வெட்டு. கைமணிக்கட்டில் ஒரு முறிவு. அதற்குப் பத்து நிமிடம் முன்னர் அதே வேலியோரத்தில், தனியார் வகுப்பு முடிந்த பிள்ளைகள் பன்னிரண்டு பேர் பஸ்ஸுக்கு நின்றார்களாம். இதைப் பின்னர் அறிந்தேன்.

சனம் ஓடி வந்தது. “தம்பி, என்ன நடந்தது?” என்று ஒரு பெரியவர் கேட்டார். அப்போது தோட்டத்துக்குள், நூறு யார் தூரத்தில், ஒரு பசுமாடு தென்னையிற் கட்டியபடி நின்று என்னைப் பார்ப்பதைக் கண்டேன். “மாடு குறுக்கே வந்திட்டுது” என்று என் வாய் சொல்லியது. யோசித்துச் சொன்ன பொய்யன்று. ஆனால், யோசித்த பின்னும் நான் அதைத் திருத்தவில்லை.

அந்தப் பொய் என்னிலும் வேகமாக ஓடியது. மாலைக்குள் ஊர் முழுதும் அறிந்தது. “தெருவெல்லாம் மாடு, எப்படிப் பிள்ளைகள் ஓடித்திரியிறது?” என்று பெரியவர்கள் பேசினார்கள். நமது சங்கத்திலுங்கூட, கட்டாக்காலி மாடுகளைப் பற்றி ஒரு தீர்மானம் நிறைவேறியது. இன்று இங்கே இருக்கும் பலர் அதற்குக் கையுயர்த்தியிருப்பீர்கள். அன்று நானும் கையுயர்த்தினேன். மற்றக் கையிற் கட்டுப் போட்டிருந்தது.

அந்த மாடு ஒரு விதவைத் தாயின் மாடு. காலையில் நான்கு வீட்டுக்குப் பால் கொடுத்துப் பிழைத்தவர். என் உறவினர் போய், காருக்கு நட்டம் கேட்கவேண்டி வரும், பொலிசுக்குப் போகவேண்டி வரும் என்று அவரை அதட்டினார்கள். அடுத்த கிழமை அவர் மாட்டை விற்றுவிட்டார்.

இனி, ஒரு கணக்கைச் சொல்ல அனுமதியுங்கள். கை சுகமானபின், ஒரு விடியற்காலை நான் கயிறும் அளவு நாடாவும் கொண்டுபோய் அந்த வளைவை அளந்தேன். வளைவின் ஆரை ஏறத்தாழ 80 மீற்றர். காய்ந்த தாரில் ரயரின் பிடி நன்றாக இருந்தால், அவ்வளைவிற் சறுக்காமல் திரும்பக்கூடிய உச்ச வேகம் மணிக்கு 84 கிலோமீற்றர் அளவில் வருகிறது. மணல் கிடந்தாற் பிடி பாதிக்கும் கீழே போய்விடும். அப்போது அந்த உச்ச வேகம் 55 ஆகிறது. நான் போனது 80. ஊர்மனைக்குள் 50க்கு மேற்படக் கூடாது என்பது நமது நாட்டுச் சட்டம். சட்டம் சொன்ன எண்ணும் மணல் சொன்ன எண்ணும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன பாருங்கள்! இதே கணக்கை நான் உயர்தரப் பரீட்சையில் எழுதியவன். தாளில் எழுதும்போது விடை சரியாக வந்தது.

இன்னொன்று. பெரிய வண்டியாயினும் சிறிய வண்டியாயினும், ஒரு காரின் ரயர் நிலத்தைத் தொடும் இடம் ஓர் உள்ளங்கை அளவுதான். அந்த நான்கு உள்ளங்கைகளே வண்டியை ஓட்டவும், திருப்பவும், நிறுத்தவும் வேண்டும். வளைவின் நடுவில் திடீரென்று காலை எடுத்துப் பிறேக்கை மிதித்தால், வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. பின் சில்லுகள் பாரமிழந்து பிடி விடுகின்றன. ஆகவே, வேகத்தைக் குறைக்கவேண்டிய இடம் வளைவு அன்று. வளைவுக்கு முன்னுள்ள நேர்த்தெரு. வேகம் இரட்டித்தால், பிறேக் பிடித்தபின் வண்டி நிற்கும் வரை ஓடும் தூரம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. பந்தயக்காரின் எஞ்சின் எவ்வளவு பலமானாலும் இந்தக் கணக்கை அது மாற்றுவதில்லை. கணக்குத் தப்பும் இடத்துக்கு நம்மை விரைவாகக் கொண்டு போகிறது, அவ்வளவே.

நான் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரு வயோதிப ஆசிரியர் கிரேக்கர்களின் பழைய கதையொன்றைச் சொல்வார். சூரிய தேவனின் மகன் பேதொன் என்ற வாலிபன், தோழர்கள் மத்தியிற் பெருமை கொள்வதற்காகத் தந்தையின் தேரை ஒரு நாள் ஓட்டக் கேட்டான். தந்தை மறுத்தும் கேளாமல் ஏறினான். குதிரைகள் அவன் கைக்கு அடங்கவில்லை. தேர் தாழ இறங்கிப் பூமியைச் சுட்டது, ஆறுகள் வற்றின, ஈற்றில் அவன் இடியால் வீழ்த்தப்பட்டான். அன்று நாங்கள் பேதொனுக்காக இரங்கினோம். இன்று எனக்கு, வெந்துபோன வயல்களின் சொந்தக்காரரே நினைவுக்கு வருகின்றனர்.

கதையை விட்டு உண்மைக்கு வருவோம். 1957ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் அல்பேர் காம்யு, 1960 ஜனவரி 4ஆம் திகதி, நண்பரின் வேகக் காரிற் பாரிசுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வில்பிளெவன் என்ற ஊருக்கு அண்மையில், நேரான தெருவிலேயே, கார் நிலை தவறி மரத்தில் மோதியது. அவர் அவ்விடத்திலேயே இறந்தார், வயது 46. காரை ஓட்டிய நண்பர் மிஷேல் கல்லிமார் சில தினங்களில் இறந்தார். காம்யுவின் சட்டைப் பையில், பாவிக்காத புகையிரதப் பயணச்சீட்டு ஒன்று இருந்தது.

தூர தேசம் ஏன்? நமது நாட்டிலேயே, 2024 ஏப்ரல் 21ஆம் திகதி, சித்திரைக் கொண்டாட்ட காலத்தில், தியத்தலாவையில் பொக்ஸ் ஹில் மோட்டார்ப் பந்தயம் நடந்தது. ஒரு பந்தயக் கார் தடத்தை விட்டு விலகிச் சனத்துக்குள் பாய்ந்தது. ஏழு பேர் மாண்டார்கள். அவர்களுள் எட்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. இருபது பேருக்கு மேல் காயமடைந்தனர். அது பந்தயத்துக்கென்றே அமைத்த தடம், ஓட்டியவர்கள் பழகியவர்கள். அங்கேயே அப்படியென்றால், மாடும் கழுதையும் பிள்ளைகளும் நடமாடும் நமது ஊர்த்தெருவில், பழகாத என் கையில் என்ன நடந்திருக்கும்? அந்தச் செய்தியைப் பத்திரிகையிற் படித்த அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வேலியோரம் நின்ற பன்னிரண்டு பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுநாட் காலை அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன். “அம்மா, உங்கட மாடு குறுக்கே வரேல்லை. நான் பொய் சொன்னனான்” என்றேன். அவர் அழவுமில்லை, ஏசவுமில்லை. “மாடு கட்டி நிண்டது எனக்குத் தெரியும் தம்பி. நான் சொன்னா ஆர் நம்புறது?” என்றார்.

சகோதரர்களே, காரின் அடியிலும் பலமாக என்னை அடித்தது அந்த வார்த்தையே. என் தந்தை பெயர் பெற்றவர். நான் பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளை. ஆகவே என் பொய் நின்றது. அவருடைய உண்மை வாய் திறக்கவே துணியவில்லை. விபத்தில் நான் சேதப்படுத்தியது ஒரு காரும் ஒரு வேலியும். பொய்யினாற் சேதப்படுத்தியது ஒரு குடும்பத்தின் சீவனம்.

பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்துக் கிடைக்கும் பணத்தில், ஒரு பசுக்கன்று வாங்கிக் கொடுப்பதற்கு மாதாமாதம் சேர்க்கிறேன் என்றேன். கன்று வாங்கியாயிற்று, கடனிற் கொஞ்சம் இன்னும் இருக்கிறது. ஆனால் அவர் கேட்டது வேறொன்று: “காசு இருக்கட்டும். நாலு பேருக்கு முன்னால சொல்லு.” அந்த நாலு பேர் நீங்கள். இன்று சொல்லிவிட்டேன். நமது சங்கத் தீர்மானப் புத்தகத்தில் அந்த ஒரு வரியைத் திருத்தும்படி தலைவர் அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

வாலிபத் தோழர்களே! கார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேகத்தில் ஓர் இன்பம் உண்டு. இல்லையென்பது இன்னொரு பொய்யாகும். ஆனால், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 5 முதல் 29 வயது வரையுள்ளோரின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் முதலாவதாக நிற்பது வீதி விபத்தே. நமது சிறிய தீவில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் தெருவில் மடிகின்றனர். அவர்களுள் நடந்து போனவரும் சைக்கிளிற் போனவரும் ஏராளம். ஆகையால் முடக்குக்கு முன் காலை எடுங்கள். சோழகக் காலத்தில் தெருவின் நிறத்தைப் பாருங்கள். பிறர் பார்க்கவேண்டும் என்ற ஆசை எழும்போது வண்டியை நிறுத்திவிடுங்கள்.

பெரியோர்களே! உங்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. ஒரு வாலிபன் கேட்டவுடன் திறப்பைக் கொடாதீர்கள். விபத்து நேர்ந்தால், நல்ல சட்டை போட்டவனை மட்டும் கேளாமல், வேலிக்கு அப்பால் நிற்பவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நமது நாட்டுத் தமிழில் வண்டி ஓட்டுபவனைச் சாரதி என்கிறோம். பார்த்தனுக்குத் தேரோட்டிய கண்ணனைப் பார்த்தசாரதி என்று கைகூப்புகிறோம். அத்தகைய பெயரைத் தாங்கியவன், குதிரையையோ எஞ்சினையோ அடக்குவதற்கு முன் தன்னை அடக்கக் கற்கவேண்டும். அடக்கத் தவறினால், தவறினேன் என்று சொல்லவாவது கற்கவேண்டும். இரண்டாவது பாடத்தை நான் பிந்தியே கற்றேன். நீங்கள் முந்திக் கற்பீர்களாக.