பழைய பிக்கப்புகளின் சஸ்பென்ஷன்: வரலாறும் மறுசீரமைப்பும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் வெளியான இரு புகழ்பெற்ற பிக்கப் வரிசைகளான செவர்லே 'அட்வான்ஸ் டிசைன்' (1947), ஃபோர்டு எஃப்-1 (1948) ஆகியவற்றில், இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் கனத்த எஃகு அச்சு ஒன்று லீஃப் ஸ்பிரிங்குகளோடு, அதாவது அடுக்கிக் கட்டிய வளைந்த எஃகுப் பட்டைகளோடு, பொருத்தப்பட்டிருந்தது. இப்பட்டைக் கட்டு சுமையைத் தாங்கியதோடு அச்சை அதன் இடத்தில் நிறுத்தும் வேலையையும் செய்ததால் அமைப்பு எளிமையாக இருந்தது; ஆனால் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சாய்ந்தது, சுமையில்லாத வண்டி தூக்கிப் போட்டது.

இந்நிலையை முதலில் மாற்றத் துணிந்தது செவர்லே. 1960ஆம் ஆண்டு மாடலில் அது ஒவ்வொரு முன்சக்கரமும் தனித்து ஏறி இறங்கும் அமைப்பைக் கொண்டுவந்து, லீஃப் ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்கப்படும்போது எதிர்த்து நிற்கும் டார்ஷன் பார் என்னும் எஃகுத் தண்டைப் பயன்படுத்தியது. 1963இல் டார்ஷன் பாரைக் கைவிட்டுச் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறியது. அரை டன் வண்டிகளின் பின்புறத்தில் சுருள் ஸ்பிரிங்குகளோடு அமைந்து அச்சை அடிச்சட்டத்தோடு பிணைத்த இரு நீண்ட கைகள் 1972 வரை நீடித்தன. பந்தயக் கார்களுக்கும் சரக்கு வண்டிக்கும் என்ன உறவு என்று தோன்றலாம். நாஸ்கார் பந்தயக் கார்கள் பல பத்தாண்டுகள் கையாண்ட பின்புற அமைப்பு இந்தக் கைகளிலிருந்து பிறந்ததுதான்.

ஃபோர்டு 1965இல் வேறு வழியில் சென்றது. 'ட்வின் ஐ-பீம்' என்று அது பெயரிட்ட அமைப்பில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு நீண்ட எஃகு உத்தரம் உண்டு. அதன் மறுமுனை வண்டியின் எதிர்ப்பக்கத்தில் கீல்போல அசையும்படி பிணைக்கப்பட்டிருக்கும். முரட்டுப் பாதைக்கு ஏற்ற உறுதி இதில் இருந்ததால் எஃப்-150 வண்டிகளில் இது 1996 வரை நிலைத்தது. ஆயினும் சக்கரம் ஏறி இறங்கும்போது அதன் செங்குத்துச் சாய்வாகிய கேம்பரும் மாறுவதால், அழகுக்காகக் குட்டையான ஸ்பிரிங் போட்டு முன்புறத்தை இறக்கியவர்களின் டயர்கள் உட்பக்கம் தேய்ந்தன. இது வடிவமைப்பின் குறை என்பதைவிட, அதற்கென வகுக்கப்பட்ட உயரத்தை மாற்றியதன் விளைவு என்பதே பொருந்தும்.

பழைய அச்சைப் பற்றிய புகார்கள் பலவும் இவ்வாறே வடிவமைப்பின் குறையையன்றிப் பாகங்களின் தேய்மானத்தைக் குறிப்பவை. முன்சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது சக்கரம் ஆடினால், அதற்குக் காரணம் பெரும்பாலும் சக்கரம் திரும்ப உதவும் கிங்பின்னின் தேய்மானமோ தளர்ந்த பேரிங்கோதான். அவற்றையும், லீஃப் ஸ்பிரிங்கின் முனையை அடிச்சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிளின் புஷ்களையும் மாற்றி, பட்டைகளைப் பிரித்துத் துருவை நீக்கிக் கட்டினாலே வண்டி பெருமளவு அடங்கும். பட்டைகளில் சிலவற்றைக் கழற்றிவிட்டால் மென்மை கூடும். அதற்குச் சமமாகச் சுமைதாங்கும் திறன் குறையும்.

அதற்கு மேலும் வேண்டுவோர் இரு வழிகளை நாடுகின்றனர். 1974 முதல் 1978 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங் 2 காரின் முன்புற அமைப்பைத் தழுவிய கிட்டுகளில், ஸ்டீயரிங் அசைவைப் பற்சட்டத்தின் வழியே நேராகக் கடத்தும் ரேக் அண்ட் பினியன் இருப்பதால் திருப்புவது எளிதாகிறது; ஆனால் அது சிறு காருக்கென உருவானது என்பதால், கனத்த வி8 எஞ்சினுக்கு வலுப்படுத்திய கைகளும் பெரிய பிரேக்கும் தேவைப்படும். 2003 முதல் வந்த ஃபோர்டு கிரவுன் விக்டோரியாவின் முன்புறக் கட்டமைப்பு அதைவிட உறுதியானது, போலீஸ் வண்டியாகவும் டாக்சியாகவும் ஓடிய கார்களிலிருந்து கிடைக்கக்கூடியது. எனினும் அதன் சக்கர இடைவெளி அகலமாதலால், உள்வாங்கிய ரிம் இல்லாவிட்டால் டயர் மட்கார்டில் உரசும். எதுவாயினும் அடிச்சட்டத்தை ஒருமுறை வெட்டிப் பற்றவைத்தபின் பழைய அச்சை மீண்டும் பூட்டுவது பெரும்பாடு.

1963 முதல் 1970 வரையான செவர்லே அரை டன் வண்டியை வைத்திருப்பவருக்கு இந்த வெட்டுவேலைக்கான தேவை மிகக் குறைவு: பின்புறக் கைகளின் புஷ்களைப் புதிதாக்கி, 1971இல் வந்த முன்புற டிஸ்க் பிரேக் பாகங்களைச் சிறு மாற்றங்களோடு பூட்டிக்கொண்டாலே போதும்.