வாய் திறந்து பயிலுங்கள்

(மருத்துவக் கல்லூரியில் சேரும் மாணவ மாணவியர்க்குச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் குடியிருப்பில் ஒரு வீட்டுப் பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் அச்செய்தி அன்று மாலைக்குள் எல்லா வீடுகளுக்கும் எட்டிவிடுகின்றது. இனிப்பு வழங்குகின்றோம், கோவிலில் அருச்சனை செய்கின்றோம், இம்மேடையில் பொன்னாடை போர்த்துகின்றோம். இவையெல்லாம் தக்கனவே. ஆயின், கல்லூரி திறந்த ஆறாம் மாதத்தில் அப்பிள்ளை எவ்வாறு இருக்கின்றது என்று கேட்பவர் நம்மில் மிகச் சிலரே. இடம் பெறுவதற்கு வழிகாட்டும் பயிற்சி நிலையங்கள் நாடெங்கும் உள்ளன. இடம் பெற்றபின் நன்கு தொடங்க வழி சொல்வார் அரியர். ஆதலின் இன்று அதனைப் பற்றியே பேச விழைகின்றோம்.

நுழைவுத் தேர்வு எத்தகையது? ஒரு வினாவுக்கு நான்கு விடைகள். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து வட்டத்தைக் கருமையாக்க வேண்டும். அங்கே பேச்சுக்கு இடமில்லை. இரண்டாண்டு, மூன்றாண்டு ஓர் அறைக்குள் வாய் மூடிப் பயின்று, வாய் மூடி எழுதி வென்றவர்கள் நீங்கள். மருத்துவக் கல்லூரியோ இதற்கு நேர்மாறானது. அங்கே ஆசிரியர் ஓர் எலும்பைக் கையில் கொடுப்பார். இஃது எந்த எலும்பு, வலப்பக்கத்ததா இடப்பக்கத்ததா, இதில் பொருந்தும் தசை யாது என வினவுவார். முதலாண்டிலேயே வாய்மொழித் தேர்வு உண்டு. பின்னர் நோயாளியிடம் கேட்டறிய வேண்டும். அறிந்ததை ஆசிரியர்முன் எடுத்துரைக்க வேண்டும். வாய் மூடி வென்றவர் வாய் திறந்து பயில வேண்டிய இடம் அது. இம்மாற்றத்தை விரைவில் உணர்ந்தவர் தழைக்கின்றனர். உணராதவர், எத்துணை உயர்ந்த மதிப்பெண் பெற்று வந்திருப்பினும், தடுமாறுகின்றனர்.

முதலாவதாக, பாடங்களைக் காண்போம். முதலாண்டில் அனாட்டமி என்னும் உடற்கூற்றியல், பிசியாலஜி என்னும் உடலியங்கியல், பயோகெமிஸ்டிரி என்னும் உயிர்வேதியியல் ஆகியவை முதன்மைப் பாடங்கள். மனித உடலில் எலும்புகள் 206. ஒரு மணிக்கட்டில் மட்டும் 8 சிற்றெலும்புகள். மூளையோடு இணைந்த நரம்புகள் 12 இணைகள். ஒவ்வொரு தசைக்கும் தொடங்குமிடம், முடியுமிடம், இயக்கும் நரம்பு, செய்யும் தொழில் என நான்கினை அறிதல் வேண்டும். நூலை மீண்டும் மீண்டும் படிப்பதனால் மட்டும் இவை மனத்தில் நில்லா. 2006-ஆம் ஆண்டில் ரோடிகர், கார்பிக்கி என்னும் அமெரிக்க உளவியலார் இருவர் இதனை ஆய்ந்து வெளியிட்டனர். ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினர். நூலை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களோ ஒரு வாரம் கழிந்தபின் முந்தினர். மருத்துவருக்கு வேண்டுவது ஐந்து நிமிட நினைவன்று. ஆயுள் நினைவு அன்றோ?

ஆதலின், படித்தவுடன் நூலை மூடுங்கள். அறைத் தோழரிடம் அதனைச் சொல்லிக் காட்டுங்கள். தாளில் படம் வரைந்து பாருங்கள். மூன்றாம் நாளும் ஒரு வாரத்திற்குப் பின்னும் மீண்டும் சொல்லிப் பாருங்கள். இருவர் மூவராகக் கூடி ஒருவரையொருவர் வினவுங்கள். பாடத்திற்கு ஒரு நூல் போதும். ஐந்து நூல்களை வாங்கி அடுக்குவது அறிவாகாது. வருகைப் பதிவையும் எளிதாக எண்ணாதீர்கள். வகுப்புகளுக்கு நூற்றுக்கு 75, செய்முறைக்கு 80 என்பது விதி. முதலாண்டுத் தேர்வில் தேறுவதற்கு நான்கு வாய்ப்புகளே உண்டு.

இரண்டாவதாக, உடற்கூற்றுக் கூடம். 1836-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா மனித உடலை அறுத்தாய்ந்தார். அக்காலத்துச் சமூகத் தடைகளைக் கடந்த துணிவு அது. இன்று அக்கூடத்தில் நீங்கள் காணும் உடல்களுள் பல, தாமே விரும்பி வழங்கியவர்களுடையவை. ஒரு குடும்பம் தன் துயரத்தினூடே உங்களை நம்பி ஒப்படைத்த கொடை அது. ஆதலின் அவ்வுடலே உங்கள் முதல் ஆசிரியர். அங்கே கேலிப் பேச்சு வேண்டா. நிழற்படம் எடுத்தல் அறவே வேண்டா. முதல் நாள் பார்மலின் நெடியால் கண் கரிக்கும். சிலருக்குத் தலை சுற்றும். சிலருக்கு இரண்டு நாள் உணவு இறங்காது. இவை இயல்பே. ஆசிரியரிடம் சொல்லிச் சற்று அமர்ந்து எழுங்கள். சொல்வதில் நாணம் வேண்டா.

மூன்றாவது, மொழி. அரசு மருத்துவக் கல்லூரிகளில் 15 விழுக்காட்டு இடங்கள் அனைத்திந்திய ஒதுக்கீட்டில் நிரப்பப்படுகின்றன. ஆதலின் இங்கே வளர்ந்த பிள்ளை அசாமிலும் பயிலலாம்; கேரளத்திலும் பயிலலாம். 2019-இல் வந்த புதிய பாடத்திட்டம், தொடக்கப் பயிற்சியிலேயே வட்டார மொழிக்கும் இடம் தந்தது. முதலாண்டு முதலே ஒவ்வொரு மாணவரும் சிற்றூரில் சில குடும்பங்களை ஏற்று, அவர்களைக் கண்டு, நலம் வினவி வரவேண்டும் என்னும் திட்டமும் உள்ளது. அக்குடும்பத்துப் பாட்டியிடம் ஆங்கிலத்தில் வினவ இயலுமோ?

நம் தமிழையே எண்ணிப் பாருங்கள். நோயாளி ‘வயிற்றைப் பிசைகிறது’ என்பார். ‘நெஞ்சைக் கரிக்கிறது’ என்பார். ‘கால் குடைகிறது’ என்பார். ஒவ்வொன்றும் வெவ்வேறு துன்பம். அனைத்தையும் ‘வலி’ என்னும் ஒரு சொல்லில் எழுதிவிட்டால் நோயின் குறிப்பு பாதி மறைந்துவிடும். இத்தகைய சொற்கள் எல்லா மொழியிலும் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் இந்தியோ வங்காளமோ, பள்ளியில் ஆங்கிலம் என வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இன்னொரு மொழி சுமையன்று. ஒரு சிறு குறிப்பேட்டில் நாளுக்கு ஐந்து சொற்களை, செவிலியரிடமும் உணவுக்கூடத் தொழிலாளரிடமும் கேட்டு எழுதி வாருங்கள். மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணும் வள்ளுவர், நோயாளியை முதலில் வைத்து, மருத்துவனை அவனுக்குப் பின்னரே வைத்தார். அவ்வரிசையை மறவாதீர்கள்.

நான்காவது செய்தியே எல்லாவற்றினும் இன்றியமையாதது. துன்பம் வந்தால் வாய் திறவுங்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-இல் அளித்த அறிக்கை நம் நெஞ்சை நடுக்குகின்றது. ஆய்வில் பங்கு கொண்ட இளநிலை மாணவர் 25,590 பேர். அவர்களுள் நான்கில் ஒரு பங்கினர்க்கும் மேல் தமக்கு மனநலக் குறை உண்டு என்றனர். நூற்றுக்கு 16 பேர், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தமக்கு எழுந்ததாகக் கூறினர். இவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். ஊரே போற்றி வழியனுப்பிய பிள்ளைகள். போற்றிய ஊருக்கு என்ன விடை சொல்வது என்னும் அச்சமும் அவர்கள் வாயை அடைத்துவிடக் கூடும்.

மூத்த மாணவரின் கொடுமையையும் பொறுத்துக்கொள்ள வேண்டுவதில்லை. 1996-இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்டதை நாம் மறக்கவில்லை. 1997-இல் தமிழ்நாடு அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் நாடெங்கும் வந்தன. 1800-180-5522 என்னும் எண்ணில் எந்நேரமும் முறையிடலாம். மனம் சோர்ந்தால் 14416 என்னும் எண்ணில், 2022-இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையில், தமிழிலேயே பேசலாம்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளியில் என்றும் முதலாக வந்த பிள்ளை, கல்லூரியின் முதல் உள்தேர்வில் தவறக்கூடும். அன்று அது தொலைபேசியில் அழைத்தால் ‘எத்தனை மதிப்பெண்?’ என்று தொடங்காதீர்கள். ‘சாப்பிட்டாயா? தூங்கினாயா?’ என்று தொடங்குங்கள். ‘தெருவில் எப்படித் தலைகாட்டுவேன்’ என்னும் சொல்லை எக்காரணம் கொண்டும் சொல்லாதீர்கள். அச்சொல்லைக் கேட்ட பிள்ளை அடுத்த துன்பத்தை உங்களிடம் சொல்லாது.

சங்கத்திற்கும் கடமை உண்டு. முன்னரே பயின்று முடித்தவர் ஒருவரைப் புதிதாகச் சேரும் ஒவ்வொருவர்க்கும் துணையாக அமைப்போம். பயன்படுத்திய பாடநூல்களைச் சங்க நூலகத்தில் சேர்த்து இரவல் தருவோம். பணியின்பொருட்டுப் பல மாநிலங்களில் வாழ்ந்த பெரியோர் நம்மிடையே உள்ளனர். அவர்கள் அவ்வம்மொழியின் பேச்சு வழக்கைக் கோடை விடுமுறையில் கற்பிக்கட்டும். பொன்னாடையோடு நம் பொறுப்பு முடிந்துவிடலாகாது.

இளஞ்செல்வங்களே, கேட்கத் தெரிந்தவரே நாளை நோயாளியின் சொல்லைப் பொறுமையாகக் கேட்பார். தம் துன்பத்தைச் சொல்லத் தெரிந்தவரே பிறர் துன்பத்தை உணர்வார். ஐயம் வந்தால் கேளுங்கள், கற்றதைச் சொல்லுங்கள், நொந்தால் மறைக்காதீர்கள். நலமே சென்று, நன்கு பயின்று, நம்மவர்க்கும் நாட்டவர்க்கும் நன்மருத்துவராய்த் திரும்பி வருக என வாழ்த்தி அமைகின்றோம்.