ஆடி 18-க்கு முன்னாடி ரெடிஸ்: சிவகாசியிலிருந்து ஒரு சர்வர் பேச்சு

இன்னைக்கு சர்வர்ல ரெடிஸ் போடுறதைப் பத்திப் பேசப்போறேன். லேப்டாப் பக்கத்துல இருந்தா நல்லது, இல்லாட்டி சும்மா கேளுங்க.

சிவகாசின்னதும் எல்லாரும் பட்டாசு வெப்சைட்டுன்னுதான் நினைப்பீங்க. 2018 அக்டோபர் 23-ஆம் தேதி தீர்ப்புல உச்ச நீதிமன்றம் ஆன்லைன் பட்டாசு விற்பனைக்குத் தடை போட்டிருச்சு. அதனால நான் அந்தப் பக்கம் போகல. என் வேலை அச்சகங்களோட. காலண்டர்.

ஆடி 18 அன்னைக்கு இங்க அடுத்த வருஷ காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவாங்க. முன்னாடி ஏஜென்ட் அந்த ஆல்பத்தைக் கக்கத்துல வச்சுக்கிட்டு ஊர் ஊரா போவார். இப்பவும் போறார், ஆனா கடைக்காரர் போன்லயும் பார்க்கணும்ங்கிறார். அன்னைக்குக் காலைல எல்லாரும் ஒரே நேரத்துல அதே முருகர் படம், அதே லட்சுமி படம், அதே விலைப்பட்டியலைத் திறப்பாங்க. ஒவ்வொரு தடவையும் மைசீக்வல் போய் அதே பதிலைத் தேடி எடுத்துட்டு வரும். பதில் மாறவே இல்லை, தேடுற வேலை மட்டும் திரும்பத் திரும்ப நடக்குது. அந்தப் பதிலை ராம்ல வச்சுக்கிட்டு உடனே நீட்டுறதுதான் ரெடிஸ்.

இதை எழுதினவர் சால்வத்தோரே சன்ஃபிலிப்போ. இத்தாலியில சிசிலிக்காரர். பெரிய கம்பெனி ஆள் இல்லை, தன்னோட வெப்சைட் புள்ளிவிவர சர்வீஸுக்கு மைசீக்வல் ஈடுகொடுக்கலைன்னு 2009-ல அவரே எழுதினது. சின்ன ஊர்ல இருந்து வேலை பார்க்கிறவங்களுக்குக் கேட்கவே நல்லா இருக்குல்ல?

சரி, வேலைக்கு வருவோம். உபுண்டு 24.04-ன்னு வச்சுக்குவோம். சூடோ ஏபிடி அப்டேட், அடுத்து சூடோ ஏபிடி இன்ஸ்டால் ரெடிஸ்-சர்வர். முடிஞ்சுச்சு. ரெடிஸ்-சிஎல்ஐ பிங்னு அடிச்சா பாங்னு பதில் வரும். யூடியூப்ல பாதி வீடியோ இதோட நிறுத்திருவாங்க. உண்மையில வேலை இங்கதான் ஆரம்பிக்குது.

ஈடிசி ஃபோல்டருக்குள்ள ரெடிஸ், அதுக்குள்ள ரெடிஸ் டாட் கான்ஃப். இந்த ஃபைலை ஒரு தடவை முழுசா படிங்க. கமென்ட்லயே அழகா விளக்கி எழுதியிருப்பாங்க.

முதல்ல மேக்ஸ்மெமரி. 64 பிட் மெஷின்ல இதுக்கு எல்லையே இல்லாமத்தான் வரும். 2 ஜிபி சர்வர்ல மைசீக்வலும் பிஎச்பியும் கூடவே ஓடுதுன்னா, ரெடிஸ் நிரம்பி நிரம்பி ஒரு கட்டத்துல லினக்ஸே ஏதாவது ஒரு புராசஸைக் கொன்னுடும். அது மைசீக்வலாகவும் இருக்கலாம். எங்க ஊர்ல மருந்து ஷெட்டுக்குள்ள எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம்னு கணக்கு உண்டு. இங்கயும் கணக்கு வேணும். நான் 512 எம்பி கொடுப்பேன். ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது கூடுதல் மெமரி தேவைப்படும், அதனால ராம் முழுக்க எழுதிக் கொடுத்துடாதீங்க. கூடவே சிஸ்கண்ட்ரோல்ல விஎம் டாட் ஓவர்கமிட் அண்டர்ஸ்கோர் மெமரியை 1 ஆக்கிடுங்க. இல்லைன்னா லாக்ல எச்சரிக்கை வந்துக்கிட்டே இருக்கும், மெமரி குறையுற நேரத்துல ஸ்னாப்ஷாட்டே தோத்துப்போகும்.

அடுத்தது, நிரம்பினா எதைத் தூக்கிப் போடணும்? டீஃபால்ட் நோஎவிக்ஷன். எதையும் தூக்காது, புதுசா எழுத வந்தா எரர் கொடுக்கும். ஆல்கீஸ்-எல்ஆர்யூ வச்சா, ரொம்ப நாளா தொடாததை எடுத்துடும். டிசைன் பட்டியலுக்கு இது போதும், போனா மறுபடி மைசீக்வல்ல எடுத்துக்கலாம். ஆனா ஒரு கடைக்காரர் தன் கடைப் பேர், போன் நம்பர் எல்லாம் சரிபார்த்து ஓகே பண்ணின புரூஃபும் அதே ரெடிஸ்ல மட்டும் இருந்தா? அதுவும் போயிடும். 2,000 காலண்டர்ல தப்பான நம்பர் அடிச்சு வந்தா அது குப்பைதான், யாரும் சுவத்துல மாட்ட மாட்டாங்க. அதனால ஓகே ஆன எதுவும் முதல்ல டேட்டாபேஸ்ல எழுதணும், ரெடிஸ்ல இருக்கிறது நகல்தான். அப்பெண்ட்ஒன்லி யெஸ், எவரிசெக்னு வச்சாலும் கரண்ட் போனா ஒரு செகண்டு அளவுக்குத் தரவு போகலாம். கேஷுக்கு அது பரவாயில்லை, ஆர்டருக்கு இல்லை.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமான இடம். பைண்ட். உபுண்டு பேக்கேஜ்ல 127.0.0.1-ன்னுதான் வரும், அதாவது அந்த சர்வருக்குள்ள இருக்கிறவங்க மட்டும் பேசலாம். அப்ளிகேஷன் வேற சர்வருக்கு மாறினதும் கனெக்ட் ஆகாது. உடனே கூகுள்ல தேடி பைண்டை 0.0.0.0 ஆக்குவாங்க. புரொடெக்டட் மோடு தடுக்கும். அதையும் நோ ஆக்குவாங்க. இப்ப 6379 போர்ட் உலகத்துக்கே திறந்திருக்கு. அதைத் தேடி நாள் முழுக்க ஸ்கேன் பண்ணுற போட்கள் இருக்கு. ஃப்ளஷ்ஆல்னு ஒரே வார்த்தையில எல்லாத்தையும் துடைச்சிடலாம். 2015-ல சன்ஃபிலிப்போவே தன் பிளாக்ல, இப்படித் திறந்து கிடக்கிற ரெடிஸ் வழியா தன்னோட எஸ்எஸ்எச் சாவியை சர்வருக்குள்ள எழுதி உள்ள நுழையுறது எப்படின்னு காட்டினார். பதிப்பு 7-ல இருந்து அந்த வழியை டீஃபால்ட்டா அடைச்சிருக்காங்க. ஆனா வாசலே திறந்திருந்தா வேற வழி பார்ப்பாங்க.

வேற சர்வர்ல இருந்து பேசணும்னா பிரைவேட் ஐபியை மட்டும் பைண்ட்ல சேருங்க, ஃபயர்வால்ல அந்த ஒரு சர்வரை மட்டும் அனுமதிங்க, பாஸ்வேர்டு வைங்க. "சிவகாசி123" எல்லாம் வேண்டாம். ரெடிஸ் வேகமானது, அதனால ஒரு செகண்டுக்கு 10 லட்சம் பாஸ்வேர்டு வரை முயற்சி பண்ணலாம்னு அந்த கான்ஃப் ஃபைலே சொல்லுது. டாக்கர்ல ஓட்டுறவங்க இன்னும் ஜாக்கிரதை. அதிகாரபூர்வ இமேஜ்ல புரொடெக்டட் மோடு அணைச்சுத்தான் வருது, போர்ட்டை வெளிய விட்டா யுஎஃப்டபிள்யூ விதியையும் தாண்டிப் போயிடும்.

வால்கீ போடலாமான்னு நிறைய பேர் கேட்கிறீங்க. 2024 மார்ச்சில ரெடிஸ் லைசென்ஸை மாத்தினாங்க, அதே மாசம் லினக்ஸ் ஃபவுண்டேஷன் கீழ வால்கீ பிரிஞ்சு வந்துச்சு. 2025-ல ரெடிஸ் 8 ஏஜிபிஎல்லையும் சேர்த்துக்கிச்சு. ஒரு அச்சக வெப்சைட்டுக்கு ரெண்டுல எதுவும் ஓடும். இன்னைக்குச் சொன்ன செட்டிங் எல்லாம் ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

எல்லாம் மாத்தினப்புறம் சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் ரெடிஸ்-சர்வர். அப்புறம் சர்வரை விட்டு வெளிய வாங்க. உங்க போன் ஹாட்ஸ்பாட்ல லேப்டாப்பைக் கனெக்ட் பண்ணி, சர்வரோட பப்ளிக் ஐபிக்கு 6379-ல ரெடிஸ்-சிஎல்ஐ பிங் அடிங்க. பாங்னு வந்தா பைண்ட் வரிக்குத் திரும்பிப் போங்க. ஒண்ணும் வராம அப்படியே நின்னாலோ, கனெக்ஷன் ரெஃப்யூஸ்டுன்னு வந்தாலோ டீ குடிக்கப் போகலாம்.