கொப்பி எடுக்கும் மெசினும் கைவிடக்கூடாத கடதாசியும்

(தோட்டக் குடும்பங்களின் மாதக் கூட்டத்தில் நாங்கள் பேசியது)



நம்மில் பலருக்கு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் சொந்தக்காரங்க இருக்கிறாங்க. 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டுப் போய், அங்கே காடு வெட்டிக் குடியேறியவங்க. பிறகு யுத்தம். 2009 வரைக்கும் ஓடி ஓடி, பிறப்புச் சான்றிதழ், காணிப் பெர்மிட் எல்லாம் எத்தனையோ வீடுகளில் தொலைந்து போயின.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததிக்கும் பிரஜாவுரிமை தந்தது. சட்டம் இருந்தாலும், யாருடைய பிள்ளை, எங்கே பிறந்தது என்று காட்டக் கடதாசி வேண்டுமே! அதனால்தான் இன்றைக்குக் கொப்பி மெசினைப் பற்றிப் பேசுகிறோம்.

சீப்பால் தலை வாரி, துண்டுக் கடதாசிக்குக் கிட்டப் பிடித்தால் ஒட்டும் அல்லவா? போட்டோ கொப்பி மெசினும் அப்படித்தான். உள்ளே ஓர் உருளை, அதில் மின்னேற்றம். வெள்ளை இடத்து வெளிச்சம் பட்ட இடத்தில் மின்னேற்றம் போய்விடும். எழுத்து இருக்கும் இடத்தில் நிற்கும். அங்கே டோனர் என்ற கறுப்புத் தூள் ஒட்டும். அதைக் கடதாசியில் பதித்து, சூட்டில் உருக்கி விடும். கடதாசி சூடாக வெளியே வருவது அதனால்தான். அமெரிக்காவில் செஸ்டர் கார்ல்சன் 1938 ஒக்டோபர் 22இல் இந்த முறையில் முதல் கொப்பியை எடுத்தார்.

ஸ்கேனர் கடதாசியில் எதையும் அடிப்பதில்லை. வெளிச்சத்தை ஓட்டிப் பார்த்து, படமாகக் கணினியிலோ போனிலோ சேமிக்கும். மூன்றாவது வகை, ஸ்கேனரும் பிரின்டரும் சேர்ந்த ‘மல்டிபங்ஷன்’ மெசின். இன்றைய பெரிய கொப்பி மெசின்களும் முதலில் ஸ்கேன் பண்ணித்தான் அடிக்கின்றன. ஆனால் சின்ன மெசின்கள் பலவற்றில் தூள் இல்லை, மைதான். அந்த மை தண்ணீர் பட்டால் கரையக்கூடும்.

கிளிநொச்சியில் எங்கள் சித்தப்பா ஒருவர் பெர்மிட்டின் ஒரிஜினலை ஓர் அலுவலகத்தில் கொடுத்தார். அது திரும்பி வரவில்லை. கையில் இருந்தது மைக் கொப்பி. மாரி மழையில் கூரை ஒழுகி, இலக்கமே அழிந்து போச்சு. அந்த இலக்கத்தைத் தேடி இரண்டு வருசம் அலைந்தார்.

ஆகவே இதைக் கவனிங்க:

ஒரிஜினலைக் காட்டுங்க, கொப்பியைக் கொடுங்க. ஒரிஜினலைக் கேட்டே வாங்கினால், ரசீது கேளுங்க.

தூள் மெசினில் கொப்பி எடுங்க. நாலு மூலையும், முத்திரையும், இலக்கமும் விழுந்திருக்கா என்று பாருங்க. மூடிக்குக் கீழே ஒரிஜினலை மறந்து வந்துடாதீங்க.

ஸ்கேன் பண்ணி, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரு படம் அனுப்பி வையுங்க. கடைக் கணினியில் இருப்பதை அழிக்கச் சொல்லுங்க.

ஒரிஜினலை லமினேட் பண்ணாதீங்க. பிறகு பிரிக்க முடியாது.

கொப்பி ஒருநாளும் ஒரிஜினல் ஆகாது. ஆனால் அதில் இருக்கும் இலக்கத்தையும் திகதியையும் வைத்து, பிறப்புச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதியைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து எடுக்கலாம். இன்றைக்கே பெட்டியைத் திறந்து பாருங்க.