பிள்ளை விளையாடட்டும்!
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வு, ரேஷன் அட்டை, வீட்டு வாடகை என்று பேசிப் பழகிய இந்த மேடையில் இன்று மூன்று வயதுப் பையன்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது சின்ன விஷயம் என்று யாரும் எண்ண வேண்டாம். நாம் பாடுபட்டுச் சம்பாதிக்கும் பணம் எங்கே போகிறது என்ற கேள்வியும் இதில் இருக்கிறது.

சந்தா வசூலிக்க வீடு வீடாகப் போகும்போது நாங்கள் அடிக்கடி காணும் காட்சி இது. வாசற்படியில் மூன்றரை வயதுப் பையன். கையில் பென்சில். பக்கம் முழுக்க இங்கிலீஷ் எழுத்து எழுதி வரச் சொன்ன நோட்டு. எதிரே அம்மா, கையில் விசிறிக் காம்போடு. பையன் அழுகிறான். அவன் அக்கா அங்கன்வாடிக்குப் போய் வந்து சந்தில் ஆடிக்கொண்டிருக்கிறாள். கேட்டால் அப்பா சொல்கிறார்: "அவளுக்கு அது போதுங்க. இவன் ஆம்பிளைப் பிள்ளை. கடனை உடனை வாங்கியாவது நர்சரியில சேர்த்திருக்கோம்."

இது நம் சந்தின் கதை மட்டுமல்ல. 2019ஆம் ஆண்டு அசர் ஆய்வு 24 மாநிலங்களின் 26 மாவட்டங்களில் கிராமக் குழந்தைகளைப் பார்த்தது. மையங்களிலும் பள்ளிகளிலும் சேர்ந்திருந்த நான்கு, ஐந்து வயதுப் பெண் குழந்தைகளில் 56.8 சதவீதம் பேர் அரசு இடங்களில் இருந்தார்கள். ஆண் குழந்தைகளில் 50.4 சதவீதம் பேரே அங்கே இருந்தார்கள். மற்றவர்கள் தனியாரிடம். காசு கொடுத்துப் படிப்பு என்றால் மகன்தான் முதலில் நிற்கிறான். அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. இந்த வயதில் எழுத்தையும் எண்ணையும் திணிப்பதைவிட, நினைவாற்றலையும் யோசிக்கும் திறனையும் வளர்க்கும் விளையாட்டே அதிகப் பலன் தரும் என்றது.

ஆகவே மகளுக்குச் செலவழிக்க மறுப்பது அநீதி. ஆனால் கடன் வாங்கிச் செலவழித்து மகனுக்கு நாம் என்ன செய்கிறோம்? அவனுடைய விளையாட்டைப் பிடுங்குகிறோம்.

விளையாட்டில் என்ன படிப்பு இருக்கிறது என்று கேட்பீர்கள். நம் பல்லாங்குழியையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினான்கு குழிகள். குழிக்கு ஒரு புளியங்கொட்டையாகப் போட்டுக்கொண்டே போகிற நான்கு வயதுப் பையன், ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கின் அஸ்திவாரத்தைக் கையால் கற்கிறான். களிமண் பிசைகிறவனுடைய விரலும் மணிக்கட்டும் வலுப்படுகின்றன. பென்சில் பிடிக்க அந்த வலு வேண்டும். இந்த ஊரில் டீ குடிக்கும் மண் கோப்பைகளைக் கழுவிக் கொடுங்கள். ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவான், தண்ணீரை ஊற்றி அளப்பான். விழுந்தால் ஏன் விழுந்தது என்று யோசிப்பான். தன் முறை வரும்வரை காத்திருப்பான். இவையெல்லாம் படிப்பு இல்லையா?

சொப்பு வைத்துச் சோறாக்கும் பையனை, "நீ என்ன பொட்டைப் பிள்ளையா?" என்று அதட்டும் அப்பாக்களும் நம்மிடையே உண்டு. தோழர்களே, ஊரை விட்டு இங்கே தனியாக வந்த நாட்களில் நமக்குச் சோறாக்கியது யார்? நாமேதான். பையன் அடுப்பு மூட்டி விளையாடும்போது வீட்டையும் அம்மாவின் உழைப்பையும் புரிந்துகொள்கிறான். அதைத் தடுக்காதீர்கள்.

ரவீந்திரநாத தாகூரின் கிளிக் கதையை இந்த ஊரில் பலரும் அறிவார்கள். ராஜா ஒரு கிளிக்குப் படிப்புச் சொல்லித்தரப் பொன்கூண்டு செய்தான். ஏட்டுத்தாள்களை அதன் வாயில் திணித்தார்கள். கிளி செத்தது. 1918ல் எழுதிய கதை. அந்தக் கூண்டுக்கு நாம் இன்றும் மாதக் கட்டணம் கட்டுகிறோம்.

மாண்டிசோரி என்ற பெயரைப் பெரிய கட்டணப் பள்ளிகளின் பலகையில் பார்க்கிறோம். மரியா மாண்டிசோரி 1907ல் முதல் குழந்தைகள் இல்லம் திறந்தது எங்கே? ரோம் நகரத்தில் ஏழைத் தொழிலாளர்கள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில், பெற்றோர் வேலைக்குப் போன பிள்ளைகளுக்காக. 1939ல் அவர் நம் அடையாற்றுக்கு வந்தார். தாராபாய் மோடக் 1945ல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்தில் மையம் தொடங்கி, அந்த முறையைக் கையில் கிடைக்கும் எளிய பொருள்களைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளிடம் சேர்த்தார். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்காகப் பிறந்த கல்வி இது. அதை நம்மிடமே விலைக்கு விற்கிறார்கள்!

1975 அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டத்தின் கீழ்தான் அங்கன்வாடிகள் வந்தன. சத்துணவோடு, மூன்று முதல் ஆறு வயதுவரை விளையாட்டு வழிக் கல்வியும் அதன் கடமை. குறைகள் இல்லாமல் இல்லை. பல மையங்களுக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. அங்கே வேலை செய்யும் பெண்களுக்குச் சம்பளம் அல்ல, மதிப்பூதியமே தருகிறார்கள். அதற்காக மையத்தை விட்டு ஓடினால் குறை தீருமா? சேர்ந்து கேட்டால்தான் தீரும்.

கேட்க நமக்கு உரிமை உண்டு. 2006 டிசம்பர் 13ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தும் மையம் இல்லாத குடிசைப் பகுதி மக்கள் கேட்டால், மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி தர வேண்டும். ஆகவே முதல் வேலை, நம் சந்துகளில் குழந்தைகளை எண்ணுவது. பெயர்ப் பட்டியலோடு மனுக் கொடுப்போம்.

அங்கே வங்காளிதானே பேசுகிறார்கள் என்று தயங்காதீர்கள். கூட விளையாடும் பிள்ளையிடம் அவன் வங்காளி கற்பான். வீட்டில் நாம் தமிழில் கதை சொல்வோம். இரண்டும் அவனுக்குச் சொத்து.

இரண்டாவது வேலை, ஞாயிறு மாலையில் சங்க அறையைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவது. புளியங்கொட்டை, களிமண், சொப்பு, பழைய துணி போதும். பையனும் பெண்ணும் சேர்ந்து ஆடட்டும். அம்மாக்கள் மட்டும் வந்தால் போதாது. அப்பாக்களும் வந்து தரையில் உட்கார வேண்டும்.

விஜயதசமியன்று பரப்பிய அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத வைத்தவர்கள் நம் பெரியவர்கள். முதல் எழுத்துக்குப் பென்சில் கேட்கவில்லை, அடிக்கவும் இல்லை. மடியில் உட்கார வைத்துத்தான் தொடங்கினார்கள். அதை நினைவில் வைத்து, இன்று இரவு வீட்டுக்குப் போனதும் அந்த விசிறிக் காம்பைக் கீழே வையுங்கள்.