ஆரியசாலையில் நவராத்திரி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



“பிழைப்புக்காக வந்த ஊரில் நமக்கென்று என்ன கலை இருக்கிறது? விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்வோம்” என்று நம்மவர் பலர் கூறக் கேட்டிருக்கிறோம். பேரேட்டோடு மன்றாடும் எம்போன்ற எழுத்தர்களுக்கு அவ்வெண்ணம் எழுவது இயல்பே. ஆயினும் அதற்கு மறுமொழி, சாலைக் கம்போளத்துக்குக் காய்கறி வாங்கச் செல்லும் வழியிலேயே இருக்கிறது. அதுவே ஆரியசாலை தேவி கோயில்.

ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரத்திலிருந்து கலைமகள் யானைமீது புறப்படுகிறாள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில் உடன் வருகின்றனர். குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இராத்தங்கி, மூன்றாம் நாள் திருவனந்தபுரம் சேர்கின்றனர். கலைமகளுக்குக் கோட்டையில் நவராத்திரி மண்டபம். நங்கைக்குச் செந்திட்டை கோயில். முருகனுக்கு நம் ஆரியசாலை. அக்கலைமகள் கம்பர் வழிபட்ட திருவுரு என்பது வழிவழி வந்த நம்பிக்கை.

நவராத்திரியின் நடுவே வந்த சனி, ஞாயிறு இரு நாட்களையும் நண்பர் நால்வர் இதற்கென ஒதுக்கினோம். நால்வரில் இருவர் மலையாளிகள். சனி மாலை ஆரியசாலையில் குமரனை வணங்கினோம். பிறகு வேட்டியுடுத்து நவராத்திரி மண்டபத்தில் சென்றமர்ந்தோம். சுவாதித் திருநாள் மகாராஜா (1813–1846) இயற்றிய ஒன்பது கீர்த்தனைகள் அங்கே நாளுக்கொன்றாகப் பாடப்பெறுகின்றன. முதல் நாள் சங்கராபரணம். இறுதி நாள் ஆரபி. நாங்கள் சென்றது ஐந்தாம் நாளாதலின் பைரவி கேட்டோம். அம்மண்டபத்தில் கைதட்டும் வழக்கமில்லை. அது வழிபாடு, பாடுவோர் கலைமகளை நோக்கியே பாடுகின்றனர். பாட்டு முடிந்தபின் நிலவிய அமைதியில் தமிழர் யார், மலையாளி யார் என்று பிரித்தறிய இயலவில்லை.

ஞாயிறன்று புகைவண்டியில் இரணியல் சென்று, அங்கிருந்து பத்மநாபபுரம் அடைந்தோம். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர் அது. 1956 நவம்பர் முதல் நாள் அவ்வூர் தமிழகத்தோடு இணைந்தது. எனினும் அரண்மனையைப் பேணுவது கேரளத் தொல்பொருள் துறையே. மரச்சிற்பங்களையும், கண்ணாடிபோல் ஒளிரும் கருந்தளத்தையும் கண்டு வியந்தோம். அவற்றினும் எம் உள்ளத்தைத் தொட்டது வேறொன்று. மாநில எல்லை வகுக்கப்பட்ட பின்னரும் தெய்வங்களின் பயணம் நிற்கவில்லை. ஆண்டுதோறும் களியக்காவிளையில் ஓர் அரசின் காவலர் வழியனுப்ப, மற்றோர் அரசின் காவலர் எதிர்கொள்கின்றனர். நிலத்தைப் பிரித்த கோடு கலையைப் பிரிக்கவில்லை!

பழமையென்றால் மாற்றமின்மை என்று எண்ண வேண்டா. நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடும் வழக்கம் நெடுங்காலம் இல்லை. 2006இல் பாறசாலை பொன்னம்மாள் அங்கே பாடி அக்கதவைத் திறந்தார். அன்று அவர் எண்பதைக் கடந்த மூதாட்டி! நம் பெண்மக்களுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அன்பர்களே! நம் பிள்ளைகள் இவ்வூரிலே பிறந்தவர்கள். “உன் ஊர் எது?” என்று கேட்டால் பலர் விழிக்கின்றனர். தமிழும் முழுதும் வாய்க்காமல், மலையாளமும் தமதென்று எண்ணாமல் அவர்கள் நடுவழியில் நிற்பதைவிடப் பெரிய இழப்பு நமக்கு வேறில்லை. அவர்களை ஆரியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். “இம்முருகன் வேளிமலையிலிருந்து வந்தவன்; நம்மைப்போலவே வந்தவன். இவ்வூர் அவனைத் தன்னவனாகவே ஏற்றிருக்கிறது” என்று கூறுங்கள். ஊர் எதுவென்ற வினாவுக்கு விடை அவர்களுக்கே தோன்றும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. இரண்டு நாட்களும் நல்ல நண்பர்களும் போதும். அடுத்த நவராத்திரிக்குச் சங்கத்து அன்பர்கள் குடும்பத்தோடு சேர்ந்து செல்ல வேண்டுமென்று வேண்டி அமைகின்றோம்.